இரண்டு பக்கமும் தோற்ற பூட்டு: ஐபி1 கைத்துப்பாக்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

2017 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் டெஃப் கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாடு நடந்தது. அங்கே ‘புளோர்’ என்ற புனைபெயருடைய ஒருவர், ஒரு கைத்துப்பாக்கியின் மின்னணுப் பூட்டை மூன்று விதமாக முறியடித்துக் காட்டினார். ஜெர்மனியின் ஆர்மாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த ஐபி1 என்ற துப்பாக்கி அது. உரியவர் கையில் மட்டுமே சுடும், மற்றவர் கையில் சுடாது என்ற உறுதிமொழியோடு சந்தைக்கு வந்தது. அந்த உறுதிமொழியை உடைக்க அவருக்குத் தேவைப்பட்டவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 15 டொலருக்கு வாங்கிய காந்தங்கள்.

யாழ்ப்பாணத்தில் மின்னணுப் பூட்டு, கைரேகை வரவுப்பதிவு இயந்திரம், கண்காணிப்புக் கமரா ஆகியவற்றைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். என்னிடம் வேலை பழக வரும் இளைஞர்களில் சிலர், துப்பாக்கியால் வரும் சாவுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், “ஆளை அடையாளம் காணும் துப்பாக்கி செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்” என்கிறார்கள். துவக்குச் சத்தத்தோடு வளர்ந்த ஊரில் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. அந்த ஆசையை மதித்துத்தான் இந்த நிகழ்வைத் தொழில்காரனின் கண்ணோடு பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கருவியும் அதன் வாக்குறுதியும்

ஐபி1, .22 குண்டு போடும் சிறிய கைத்துப்பாக்கி. அதனோடு ஒரு கைக்கடிகாரமும் வரும். கடிகாரத்தில் இரகசிய எண்ணை அழுத்தி அதை விழிக்கச் செய்ய வேண்டும். பிறகு பிடியைப் பற்றியதும் துப்பாக்கி கடிகாரத்தைத் தேடும். கடிகாரம் 916.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பதில் சொல்லும். இரண்டும் 10 அங்குலத்துக்குள், அதாவது 25 சென்ரிமீற்றர் அளவுக்குள் இருந்தால், சுடும் ஊசியை மறித்து நிற்கும் சிறு உலோகத் தடை விலகும். பச்சை விளக்கு எரியும். துப்பாக்கியும் கடிகாரமுமாகச் சேர்த்து விலை ஏறத்தாழ 1,800 டொலர். வடிவமைத்தவர் ஏர்ன்ஸ்ட் மௌக். ஹெக்லர் அன்ட் கொக் நிறுவனத்தில் நீண்டகாலம் ஆயுதங்களை வடிவமைத்தவர். ஆகவே அரைகுறை அறிவோடு செய்த விளையாட்டுப் பொருள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் நியாயமான இரண்டு அச்சங்கள் இருக்கின்றன. ஒன்று பொலிஸாருடையது. கைகலப்பில் சந்தேகநபர் பொலிஸ் அதிகாரியின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டுவிடுவது அமெரிக்காவில் பழைய பிரச்சினை. அதைத் தடுக்க வழி தேடித்தான் சாண்டியா தேசிய ஆய்வுகூடம் 1990களில் ஆராய்ந்து, 1996 இல் அறிக்கை கொடுத்தது. அன்று கையில் இருந்த எந்தத் தொழில்நுட்பமும் பொலிஸாரின் தேவைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றவில்லை. மற்றது பெற்றோருடையது. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 பிள்ளைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற இளைஞன் எடுத்துச் சென்றது, தன் தாயின் பெயரில் வாங்கப்பட்ட துப்பாக்கிகளை. அந்தத் துப்பாக்கிகள் அவன் கையில் சுட மறுத்திருந்தால் என்ற ஏக்கம் ஒரு நாட்டையே பிடித்தாட்டியது. அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த இரண்டு அச்சங்களும் ஒரே பூட்டிடம் நேர் எதிரான இரண்டு வேலைகளைக் கேட்கின்றன. ஐபி1 தடுமாறிய இடம் அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் முந்திக்கொண்டது

நியூ ஜேர்சி மாநிலம் 2002 இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆளை அடையாளம் காணும் கைத்துப்பாக்கி அமெரிக்காவில் எங்காவது விற்பனைக்கு வந்துவிட்டால், அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் விற்கப்படும் கைத்துப்பாக்கிகள் எல்லாமே அப்படிப்பட்டவையாக இருக்க வேண்டும் என்றது அது. நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவு தலைகீழானது. 2014 இல் மேரிலாந்தில் ஒரு கடைக்காரர் ஐபி1 ஐ விற்கப் போவதாக அறிவித்தார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, பின்வாங்கினார். கலிபோர்னியாவிலும் இதே துப்பாக்கி கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து, எதிர்ப்பு எழுந்ததும் காணாமற்போனது. ஒரு கடையில் ஒன்று விற்றால் ஒரு மாநிலத்துக்கே கட்டாயம் வந்துவிடும் என்ற நிலையில், பொருளைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2019 இல் நியூ ஜேர்சி தானே அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

அந்தச் சட்டத்தில் நான் மிகவும் கவனிக்க வேண்டியதாகக் கருதும் ஒரு பகுதி இருக்கிறது. அந்தக் கட்டாயத்தில் இருந்து பொலிஸாருக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. யாருடைய உயிரைக் காப்பாற்ற ஆய்வு தொடங்கியதோ, அவர்களே அந்தப் பூட்டை நம்பி வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று சட்டம் இயற்றியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

2014 இன் இறுதியில் அதே மாநிலத்தின் சட்டமா அதிபர் அலுவலகம் ஐபி1 ஐ ஆராய்ந்து, அது சட்டம் சொல்லும் வரைவிலக்கணத்துக்குள் வராது என்று முடிவு செய்தது. காரணம் அந்த 10 அங்குலம். கடிகாரம் அந்தத் தூரத்துக்குள் இருக்கும்வரை துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் சுடும். கைகலப்பை நினைத்துப் பாருங்கள். பறிப்பவனின் கையும் பறிகொடுப்பவனின் மணிக்கட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தூரம் அதுதான். எந்தச் சம்பவத்துக்காகப் பூட்டு தேவைப்பட்டதோ அந்தச் சம்பவத்தின்போது பூட்டு திறந்தே இருக்கும்.

மூன்று தாக்குதல்கள்

இனிப் புளோர் செய்தவற்றைப் பார்ப்போம்.

முதலாவதில், கடிகாரத்துக்கும் துப்பாக்கிக்கும் இடையே ஓடும் அலைகளைச் சிறு கருவிகள் மூலம் வாங்கி, தொலைவுக்கு அஞ்சல் செய்தார். 10 அங்குல எல்லை பல அடிகளாக நீண்டது. உரியவர் அறையின் ஒரு பக்கத்தில் நிற்க, மறுபக்கத்தில் நிற்பவர் கையில் துப்பாக்கி இயங்கியது. கார்களின் தொலைத் திறப்புகளைத் திருடர்கள் ஏமாற்றும் முறையும் இதுதான். புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல.

இரண்டாவதில், அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பினார். கடிகாரம் சொல்லும் பதில் துப்பாக்கிக்குக் கேட்கவில்லை. உரியவர் கடிகாரத்தை அணிந்து, துப்பாக்கியைச் சரியாகப் பிடித்து, விசையை அழுத்தியும் அது சுடவில்லை. இதற்குப் பயன்பட்ட கருவி ஏறத்தாழ 20 டொலர் பெறுமதியானது. சுமார் 10 அடி தூரத்தில் இருந்து வேலை செய்தது. எதிரி ஒருவர் திட்டமிட்டு வர வேண்டும் என்பதுகூட இல்லை. வானலையில் வேலை செய்யும் எந்தப் பூட்டுக்கும் பக்கத்தில் வேறொரு சாதனம் அதே அலைவரிசையில் பேசினால் காது அடைத்துவிடும். மூடியிருக்கும் வாயிற்கதவின் முன்னால் தொலைக்கட்டுப்பாட்டை அழுத்திக்கொண்டு மழையில் நிற்கும் வாடிக்கையாளர்கள் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடுகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தவை. அவர்கள் நனைவதோடு போகிறது. துப்பாக்கியைத் தூக்கியவருக்கு அந்த ஒரு விநாடியில் உயிர் போகும்.

மூன்றாவது காந்தம். கடிகாரமும் வேண்டாம், இரகசிய எண்ணும் வேண்டாம். உள்ளே ஊசியை மறித்து நிற்கும் உலோகத் துண்டை வெளியில் இருந்தே காந்தம் இழுத்துவிட்டது. துப்பாக்கி சாதாரணத் துப்பாக்கியாகிவிட்டது.

மின்னணுப் பூட்டு என்ற பெயரில் இலக்க விசைப்பலகையும் ஒளிரும் திரையும் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் கதவைப் பிடித்து நிற்பது, கம்பிச்சுருளின் நடுவே நகரும் விரல்கடை அளவு இரும்புத் தண்டு ஒன்றுதான். என் பட்டறை மேசையில் மலிவான பணப்பெட்டி ஒன்று இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கழற்றிய காந்தத்தை அதன் முகப்பில் வைத்து அசைத்தால், உள்ளே ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். கைப்பிடி தானாகத் திரும்பும். திரை அணைந்தே இருக்கும். எண்ணைக் கேட்காமலே பெட்டி திறந்துவிடும். வேலை பழக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கணக்குப் போடும் மூளை எவ்வளவு கெட்டிக்கார மூளையாக இருந்தாலும், கடைசியில் அசைய வேண்டிய இரும்புத் துண்டைக் காப்பாற்றாவிட்டால் பூட்டு இல்லை. துப்பாக்கிக்குள் அந்தத் துண்டு இன்னும் சிறிதாக, இன்னும் இலேசாக இருக்க வேண்டும். பற்றரியின் சொற்ப வலுவில் நகர வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் எழும் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்க வேண்டும். இலேசாக இருந்தால் காந்தத்துக்கு இணங்கும், கனமாக இருந்தால் பற்றரிக்கு இணங்காது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை காந்தம் தேடிக்கொண்டு வராது. உண்மைதான். கட்டிலுக்கடியில் கிடந்த துப்பாக்கியைத் தற்செயலாக எடுத்து விளையாடும் குழந்தையை ஐபி1 தடுத்திருக்கும். அந்த ஒரு நன்மையை எந்தத் தாக்குதலும் அழிக்கவில்லை. ஆனால் அந்த நன்மையை மட்டும் வேண்டினால், 1,800 டொலரும் வானலையும் தேவையே இல்லை.

வெங்காயம் உரித்த விரல்

கடிகாரம் தோற்ற பிறகு தொழில்நுட்பம் உடலைத் தேடிப் போனது. 2023 இல் பயோஃபயர் என்ற அமெரிக்க நிறுவனம், கைரேகையையும் முகத்தையும் அடையாளம் காணும் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியை 1,499 டொலருக்கு அறிவித்தது. விரலோ முகமோ, எது முதலில் பொருந்துகிறதோ அதை ஏற்றுப் பூட்டைத் திறக்கும். ஐபி1 ஐ விட எவ்வளவோ சிந்தித்துச் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கைரேகையை நம்பி வாழ்பவன் என்ற முறையில் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

வலிகாமத்தில் சின்ன வெங்காயம் தரம்பிரித்துப் பொதிசெய்யும் ஓர் இடத்தில் வரவுப்பதிவு இயந்திரம் பொருத்தியிருந்தேன். அங்கே வேலை செய்யும் ஓர் அக்காவின் விரலை அது ஏற்கவே மறுத்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு விளக்கு. மற்ற விரலை வைத்தார், அதுவும் சிவப்பு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவருடைய விரல்நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல வருடங்களாக வெங்காயத் தாளும் மண்ணும் உரசி, ரேகைகள் வழவழத்துப் போயிருந்தன. நடுவே மெல்லிய வெட்டுக் கோடுகள். முகாமையாளர் சொன்னபடி இயந்திரத்தின் கண்டிப்பைக் குறைத்தேன். அக்காவின் விரலை ஏற்றது. அடுத்த வாரம் முகாமையாளர் மீண்டும் அழைத்தார். அக்கா விடுமுறையில் இருந்த நாளில் வேறொரு பெண்ணின் விரல் அக்காவின் பெயரில் பதிவாகியிருந்தது.

இயந்திரத்தில் பிழை இல்லை. கைரேகை, முகம், குரல் என்று உடலை அளக்கும் எந்தக் கருவியிலும் இந்த இழுபறி இருக்கிறது. கண்டிப்பைக் கூட்டினால் உரியவரை மறுக்கும். குறைத்தால் அந்நியரை ஏற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இல்லாமற்செய்யும் புள்ளி கிடையாது. பயோஃபயர் போல விரலும் முகமும் என இரண்டு வழிகளை வைத்தால் உரியவர் மறுக்கப்படுவது குறையும்; ஆனால் உள்ளே நுழைய இரண்டு வாசல்கள் ஆகிவிடும். வரவுப்பதிவில் ஒரு நாள் சம்பளம் தவறும், அதைத் திருத்தலாம். வியர்த்த கை, இரத்தம் படிந்த விரல், கையுறை, இருட்டு, நடுங்கும் மணிக்கட்டு ஆகியவைதான் துப்பாக்கியைத் தூக்கும் நேரத்தின் இயல்பு நிலை. எங்கள் கரையோரத்தில் உப்புக் காற்றுக்கு ஒரு வருடம்கூட நின்றுபிடிக்காத உணரிகளை நான் கழற்றி எறிந்திருக்கிறேன். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயும் புகைக்கரியும் அந்தக் கண்ணாடியின் மேல் படியத்தானே செய்யும்.

பற்றரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வருவது தடைசெய்யப்பட்டிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. 2022 இல் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. பற்றரியை நம்பி இயங்கும் ஒரு பொருள், அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் தீர்ந்துபோகும் என்பதை எங்களுக்கு எவரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் தோற்க வேண்டும்

பூட்டுத் தொழிலில் எந்த வாடிக்கையாளரிடமும் நான் கேட்கும் முதற்கேள்வி ஒன்று உண்டு. மின்சாரம் போனால் இந்தக் கதவு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா? வைத்தியசாலையின் அவசர வழி திறந்துகொள்ள வேண்டும். கஸ்தூரியார் வீதி நகைக்கடையின் பெட்டகம் பூட்டியே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பழுதே வராது என்று சொல்பவர் பூட்டு விற்கக் கூடாது.

ஐபி1 ஐப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை நிறுத்தி வைத்தது 2016 இல் வெளியான ஓர் ஆவணம். ஒபாமா அரசு இந்தத் தொழில்நுட்பத்தை ஊக்குவிக்க முயன்றபோது, அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவகம் பொலிஸ் கைத்துப்பாக்கிகளில் இத்தகைய பூட்டு இருந்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்று அடிப்படை விதிகளை வகுத்தது. பாதுகாப்புச் சாதனம் பழுதானால் துப்பாக்கி சுடக்கூடிய நிலைக்கே போக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பொலிஸ் அதிகாரியின் பக்கம் நின்று பார்த்தால் இது சரி. அதே துப்பாக்கி வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தால், பற்றரி தீர்ந்த நாளில் அது பிள்ளையின் கையிலும் சுடும். பெற்றோருக்கு வேண்டியது நேர் எதிரானது: பழுதானால் இறுகிவிட வேண்டும். அப்படி இறுகும் துப்பாக்கியை இரவில் வீட்டுக்குள் ஆள் நுழைந்துவிட்டான் என்று அஞ்சுபவர் வாங்கமாட்டார்.

ஆகவே ஐபி1 இன் தோல்வியை வெறும் காந்தத்தின் கதையாக மட்டும் நான் வாசிக்கவில்லை. காந்தத்துக்கும் அலை இரைச்சலுக்கும் அடுத்த தலைமுறையில் மருந்து கண்டுபிடிப்பார்கள். அந்நியருக்குத் திறந்ததும் உரியவருக்கு மூடியதும் ஒரே கருவியில் நடந்ததற்குக் காரணம், எந்தப் பக்கம் தோற்பது என்று தீர்மானிக்காமலே இரண்டு வகையான வாடிக்கையாளருக்கும் அதை விற்க முயன்றதுதான். இந்தக் கேள்விக்கு மென்பொருளில் விடை இல்லை.

உரியவரே ஆபத்தில் இருக்கும்போது

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை இதைப் பற்றி என்னிடம் கேட்டாள். கடையில் கொள்ளை நடந்த பிறகு மச்சான் துப்பாக்கி வாங்கத் தீர்மானித்துவிட்டார். “அண்ணா, ஆளை அறிந்து சுடுகிற துப்பாக்கியை வாங்கினால் பிள்ளைகளை நினைத்துப் பயப்படாமல் இருக்கலாமா?” என்பது அவளுடைய கேள்வி. துப்பாக்கியே வேண்டாம் என்றேன். அதில் மச்சான் இணங்கமாட்டார் என்று தெரிந்த பின் இந்தக் கணக்கைச் சொன்னேன். 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அவர்களில் 26,328 பேருடைய சாவு தற்கொலை. பாதிக்கு மேல். தன் துப்பாக்கியைத் தன்மீதே திருப்பும் மனிதரை எந்தக் கைரேகையும் மறுக்காது. அவர்தான் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய குறை எதுவென்று கேட்டால் நான் இதையே சொல்வேன். சாவுகளின் பெரும்பங்கை அது தொடவே இல்லை. ஆனால் தொட்டுவிட்டது போன்ற நிம்மதியை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. பூட்டு உள்ளேயே இருக்கிறது என்ற நம்பிக்கையில் துப்பாக்கி, குண்டு நிரப்பியபடி தலையணைப் பக்கத்துக்கு வந்துவிடும்.

2005 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நான்கு பழக்கங்களைப் பார்த்தது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, குண்டு நீக்கி வைப்பது, குண்டுகளைப் பூட்டி வைப்பது, குண்டுகளைத் துப்பாக்கியில் இருந்து பிரித்து வைப்பது. நான்கில் ஒவ்வொன்றும் இளையோரின் தற்கொலையும் விபத்துக் காயமும் குறைவாக இருப்பதோடு தொடர்புபட்டிருந்தது. ஒன்றுக்கும் பற்றரி தேவையில்லை. தங்கைக்கு நான் எழுதி அனுப்பியதும் அந்த நான்கையும்தான். சுவரோடு இறுக்கிய தடித்த உருக்குப் பெட்டி. காந்தத்துக்கு அசையாத, சுழற்றித் திறக்கும் இயந்திரப் பூட்டு. குண்டுகளுக்கு வேறு பெட்டி, வேறு திறப்பு. வீட்டில் எவருக்காவது மனம் உடைந்திருக்கிறது என்று தோன்றினால் துப்பாக்கி அன்றே வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் சேர்த்தேன்.

எங்கள் பக்கத்தில்

இலங்கையில் சுடுகலன்களை ஆளுவது 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். வடக்கில் அனுமதிப்பத்திரத்தோடு இருப்பவற்றில் முக்கியமானவை பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துப்பாக்கிகள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பன்றியும் யானையும் இரவோடிரவாக ஒரு போகத்தை அழித்துவிடும்போது, விவசாயி அந்தத் துப்பாக்கியைத் தூக்குவது சேறு படிந்த கையோடு. அந்தக் கைக்கு ரேகை வாசிக்கும் கண்ணாடியைக் கொடுப்பது அவரை அவமதிப்பதற்குச் சமம்.

அனுமதியே இல்லாத இடியன் என்ற நாட்டுத் துவக்கும், வரம்போரம் கட்டிவிடும் கட்டுத்துவக்கும் வேறு கதை. கட்டுத்துவக்குக்கு உரியவர் யாரும் பக்கத்தில் இல்லை. கம்பியில் கால் பட்டவர் யாரோ அவர்மீது சுடும். விறகு பொறுக்கப் போனவரும் மாட்டைத் தேடிப் போனவரும் காலை இழப்பது இப்படித்தான். பட்டறையில் குழாயில் இருந்து செய்யப்படும் அந்த ஆயுதத்துக்குள் எந்த நிறுவனமும் மின்னணுச் சில்லு வைக்கப் போவதில்லை. அங்கே வேண்டியது வேலியும், பயிர் அழிவுக்குத் தாமதமில்லாத நட்டஈடும்.

அனுமதிபெற்ற துப்பாக்கிகளுக்கு ஒன்று செய்யலாம். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. விவசாயி எப்படியும் அலுவலகப் படியேறத்தான் வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு ஒரு படிவத்தை இணைத்து, உருக்கு அலுமாரி சுவரோடு இறுக்கப்பட்டிருக்கிறதா, தோட்டாக்கள் வேறு பெட்டியில் இருக்கின்றனவா, அதன் திறப்பு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்று கிராம அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்துக் கையொப்பமிடச் செய்யலாம். அலுமாரி வாங்க வசதியில்லாதவருக்குக் கமக்காரர் அமைப்பின் மூலம் தவணை முறையில் ஒன்றைக் கொடுக்கலாம். ஊரிலுள்ள எந்த ஒட்டுவேலைக்காரரும் அதை ஒரு கிழமையில் செய்து தருவார்.